பின்னால் நின்று சொல்பவள்

ஒரு வண்டியின் ரிவர்ஸ் லைட்டைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே உட்கார்ந்து கியரைப் போட ஒருவர். பின்னால் நின்று எரிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல இன்னொருவர். மீட்டருக்கு அந்த இன்னொருவர் அவருடைய மனைவி.

மீட்டர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். கரண்ட் அளக்கும் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே திரிவார், சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். "மாட்டுக்கு மணி, எங்க வீட்டுக்காரருக்கு மீட்டர்" என்று அவர் மனைவிதான் முதலில் கேலி செய்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. எரியுதக்கா. வெயிலோ மழையோ வண்டிக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி "எரியுதூங்க" என்பாள். எரியாவிட்டால் அவள் சொல்கிற விதமே தனி. 'எரி' என்று தொடங்கி, நடுவில் ஒரு மூச்சு விட்டு, 'யல' என்று குரலைக் கீழே இறக்குவாள். விளக்கு எரியாததற்கு அவளே வருத்தப்படுகிற மாதிரி இருக்கும். டீக்கடையில் பால் தீர்ந்துபோனால்கூட, கடைக்காரர் "எரி... யல" என்று அவளைப் போலவே சொல்லிச் சிரிக்க வைப்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கையில் டீ கிளாஸோடு நின்றவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். கிளாஸ் விழுந்தது. பக்கவாதம் வலது கையைக் கொஞ்சம்தான் தொட்டிருந்தது; பேச்சை மொத்தமாக எடுத்துக்கொண்டது. டாக்டர் படம் பிடித்துக் காட்டி, சொற்களெல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வருகிற வழிதான் அடைபட்டுவிட்டது என்றார். மீட்டருக்கு அது உடனே புரிந்தது. ஒயர் அறுந்தால் இழுத்துக் கட்டலாம், இதை எப்படிக் கட்டுவது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கம் வரவில்லை. வண்டிக்குப் பின்னால் வாய் பேசாமல் நிற்க அவளுக்குக் கூச்சம். மீட்டரும் வற்புறுத்தவில்லை. பின்னால் இருக்கிற சுவரில் வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு தனியாகவே வேலையை ஓட்டினார். ஆனால் பழக்கம் விடுமா? கியரைப் போட்டதும் "எரியுதா?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக்கடை அம்மா வந்தாள். நாலு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடி விற்கிறவள். பெரியப்பா விட்டுப்போன பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வைத்திருந்தாள்.

"அண்ணே, ரிவர்ஸ் லைட்டு ஒரு நாள் எரியுது, ஒரு நாள் எரியல. நீங்க ஷெட்டுக்கே வந்து பாக்கணும்."

"இங்கயே கொண்டாங்களேன்மா."

"இல்லண்ணே. அங்கதான் பாக்கணும்." அவள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "லைட்டு மட்டும்னா இவ்ளோ கெஞ்சுவேனா? எரியலன்னா சொல்லுது."

"எது சொல்லுது?"

"வண்டி."

மீட்டர் சிரித்தார். "இப்ப வர்ற வண்டியெல்லாம் அப்படித்தாம்மா. கதவு தொறந்திருந்தா பேசும், பெல்ட்டு போடலன்னா திட்டும்."

"இது அந்தக் காலத்து வண்டிண்ணே. இதுல ரேடியோவே பாடாது."

ஷெட் அவள் வீட்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. ஒரு கார் நுழைகிற அகலம், இரண்டு கார் நிற்கிற நீளம். ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு பல்பு. அதன் வெளிச்சம் பாதி தூரத்திலேயே களைத்துப்போகும். பட்டப்பகலிலும் பின்பாதி இருட்டுதான். கார் பின்புறமாக உள்ளே வந்து, சந்துப் பக்கம் பார்த்த முகத்தோடு நின்றிருந்தது. பின்சுவரை ஒட்டிக் கடையின் பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல், கண்ணாடி போட்ட பெண்களின் ஆளுயர விளம்பர அட்டைகள் சாய்ந்திருந்தன. தூசி படிந்து முகங்கள் சாம்பல் நிறமாகியிருந்தன. கண்ணாடிகள் மட்டும் மினுங்கின. அவற்றுக்கும் மேலே கூரையை ஒட்டி, காற்றுக்காக வைத்த சிமெண்ட் ஜாலி ஒன்று கரி பிடித்த மாதிரி கறுத்திருந்தது.

"மொத தடவ ரிவர்ஸ்ல உள்ள வர்றப்ப பின்னாலேர்ந்து யாரோ என்னமோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. வண்டிய அப்படியே விட்டுட்டு ஓடிட்டேன்" என்றாள் கண்ணாடிக்கடை அம்மா. "அதுக்கு முந்தின வாரந்தான் தங்கச்சி வீட்டுக்காரர் பின்னால நின்னு லைட்ட பாத்துச் சொன்னாரு. அந்தக் குரலே இங்க தங்கிடுச்சோன்னு நெனச்சேன். ஆனா இது பொம்பளக் குரல். இப்பல்லாம் வேற ஒண்ணும் சொல்லாது. எரியுது, எரியல. அவ்ளோதான். சரியாத்தான் சொல்லும். ஒரு தடவ நம்பாம வந்து இடிச்சேன், பம்பரைப் பாருங்க. சுவருக்குக் காது இருக்குன்னு சொல்வாங்க, எஞ்சுவருக்கு வாய் இருக்குண்ணே."

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

"அடுத்த தெரு வீடு. ஒத்த மனுஷன். காலையில பூட்டிட்டு வேலைக்குப் போயிடுவாரு. கேட்டேனே. அந்த ரூம்ல பழைய சாமான்தான் கெடக்குது, எலியா இருக்கும்னாரு. ரொம்ப மரியாதையானவரு. எலி மருந்துகூட வாங்கிக் குடுத்தாரு."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்மா. நீங்க கடைக்குப் போங்க, நான் பாக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார் மீட்டர்.

விட்டுவிட்டு வருகிற கோளாறைப் பிடிப்பது பூனையைப் பிடிக்கிற மாதிரி. தேடும்போது இருக்காது. அவர் முதலில் டிக்கியைத் திறந்து பல்புகளைக் கழற்றினார். கண்ணாடி கறுக்கவில்லை, இழை அறவில்லை. ஹோல்டரில் பச்சைத் துரு பிடிக்கவில்லை. டிக்கி மூடி மடங்குகிற இடத்தில் ஒயர்க்கட்டு அடிக்கடி ஒடியும். விரலால் நெருடிப் பார்த்தார், உள்ளே செம்பு முழுசாக இருந்தது. எர்த் சரி. ஃபியூஸ் சரி. இரண்டு பக்கமும் சேர்ந்தே எரிகிறது, சேர்ந்தே அணைகிறது என்பதால் கோளாறு பின்னால் இல்லை, முன்னால்தான் எங்கோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, கியர் லீவரை ரிவர்ஸுக்கு இழுத்தார். வாய் தானாகக் கேட்டது.

"எரியுதா?"

"எரி... யல."

நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூட மறந்தார். மயிர்க்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது. நடுவில் அந்த மூச்சு. கடைசியில் அந்த இறக்கம். பல வருஷமாகத் தன் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரல்.

வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். சாம்பல் முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. இறங்கிப் பின்னால் போனார். லைட் எரியவில்லைதான். "யாரது?" என்றார். ஓட்டுக்கூரையில் வெயில் பட்டு ஏதோ சடசடத்தது.

திரும்பவும் உட்கார்ந்தார். லீவர் ரிவர்ஸில்தான் இருந்தது. உட்காரும்போது பட்ட கை அதைப் பார்க்கிங் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருக்க வேண்டும்.

"எரியுது" என்றது குரல்.

பின்சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம்.

வேலைக்காரன் மூளை வேறு, பயந்தவன் மூளை வேறு. ஒன்று உறைந்து கிடக்கும்போதும் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். லீவரைக் கொஞ்சம் தள்ளினால் எரிகிறது, விட்டால் அணைகிறது. அப்படியானால் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கிற சுவிட்ச்தான். எந்தக் கியரில் இருக்கிறோம் என்று வண்டிக்குச் சொல்வது அது. ரிவர்ஸ் போட்டால் பின்விளக்குக்குக் கரண்ட் விடுவதும், பார்க்கிங்கிலும் நியூட்ரலிலும் மட்டும் வண்டியை ஸ்டார்ட் ஆக விடுவதும் அதேதான். உள்ளே செம்பு தேய்ந்தால் சேர்கிற இடத்தில் சேராது. கண்ணாடிக்கடை அம்மாவுக்கு போன் போட்டார்.

"சில நாள் ஸ்டார்ட்டும் ஆகாதோ?"

"ஆமாண்ணே! நியூட்ரல்ல வச்சு ஆட்டினாத்தான் ஆகும். எப்படித் தெரியும்?"

"ரெண்டும் ஒரே சுவிட்ச்சும்மா."

ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்தச் சுவிட்சைக் கழற்றித் துடைத்து, ஒரு மயிரிழை திருப்பி மாட்டினாலே அன்றைக்குச் சரியாகியிருக்கும். மீட்டருக்கு அது தெரியும். ஆனால் அவர் என்ன செய்தார்? கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, "சாமான் வரணும்மா, ரெண்டு மூணு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி சாப்பாடு போட்டாள். அவர் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு நரம்பு மெல்லத் துடித்தது. இங்கிருந்து போனது எங்கே போகும்? எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அவள் புருவத்தைத் தூக்கி என்ன என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார். ஊமை கண்ட கனவு என்பார்கள். அன்றைக்குக் கனவு கண்டவர் அவர், வாயடைத்துப் போனவரும் அவர்தான்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனவர் கருவிப்பையைத் திறக்கவே இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சீட்டில் உட்கார்ந்தார். ரிவர்ஸ் போட்டார்.

"எரியுதா?"

"எரி... யல."

கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் அவள் பின்னால்தான் நின்றாள். இடுப்பில் கை, தலையில் வெயிலுக்குப் போட்ட துண்டு. "இங்கயா வந்து இருக்க?" என்று கேட்டார். "வீட்ல நீ சாப்பிடவே மாட்டேங்கற. பாதித் தட்ட வச்சிடற" என்றார். வீட்டுக்கதை, கடைக்கதை என்று என்னென்னவோ சொன்னார். லைட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்து வந்தது.

அவர் இறங்கிக் கிளம்பும்போது பின்பக்கம் தகரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் சுரண்டியது. மீட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. எலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேகமாக வெளியே வந்து ஷட்டரை இழுத்துவிட்டார்.

சந்து முனையில் ஒரு ஆள் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ரொட்டிப் பொட்டலம், ஒரு பால் பாக்கெட்.

"நீங்கதானே அந்த வண்டியப் பாக்கறவரு? நான் பின்னால வீடு" என்றார். குரல் மெதுவாக, பணிவாக இருந்தது. "சரியாயிடுச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"அந்த ஷெட்ல ரொம்ப நேரம் இருக்காதீங்க. காத்தோட்டமே கெடையாது. தல கிறுகிறுத்து, இல்லாததெல்லாம் கேக்கும்."

காதில் விழுந்ததைப் பற்றி மீட்டர் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தெரு திரும்பி வெகுதூரம் வந்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலையில் மனைவியிடம், "இன்னிக்கு ஒரே ஒரு தடவ எங்கூட வா. பின்னால நின்னாப் போதும்" என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "உனக்கு ஒண்ணு காட்டணும்" என்றார். அவர் முகத்தில் என்ன பார்த்தாளோ, துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

குரலையும் அவளையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டால் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. பின்னாளில் கேட்டால், "என்ன நெனச்சேன்னு எனக்கே தெரியாதுப்பா" என்பார்.

அவள் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது. சாம்பல் முகங்களுக்கு நடுவில் அவள் முகமும் ஒன்றாகத் தெரிந்தது. மீட்டர் கண்ணாடியைத் திருப்பி அவள் வாய் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். லீவரை ரிவர்ஸுக்கு இழுத்தார்.

"எரியுதா?"

கண்ணாடியில் அவள் உதடுகள் மூடியிருந்தன. அசையவே இல்லை.

"எரி... யல" என்றது அவள் குரல்.

மீட்டருக்கு இறங்கி ஓட வேண்டும் போல் இருந்தது. கண்ணாடியில் அவள் மட்டும் அசைந்தாள். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். ஒரு விளம்பர முகத்தைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். பெட்டிகள் சரிந்தன, பழைய ஃபிரேம்கள் தரையெங்கும் கொட்டின. வெறும் சுவரில் காதை வைத்தாள். பிறகு உள்ளங்கையால் மூன்று முறை அடித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று முறை திரும்பி வந்தது.

அவள் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்து மீட்டரின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். நல்ல கையால்தான் வைத்தாள். சுவரைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், மறுபடியும் சுவரைக் காட்டினாள். கூப்பிட முடியாதவர் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மீட்டர் பெட்டிகளின் மேல் ஏறி ஜாலியில் வாயை வைத்தார். "உள்ள யாரும்மா? ஆளா? ஆளுன்னா சொல்லுங்க!"

"போயிடாதீங்க" என்று வந்தது. "போயிடாதீங்க. நான் ஆளுதான்."

சுத்தியலால் ஜாலியை உடைத்தார். சிமெண்ட் துண்டுகள் அந்தப் பக்கம் விழுந்தன. மூத்திர வாடையும் மருந்தெண்ணெய் வாடையும் முகத்தில் அடித்தன. டார்ச்சை நீட்டினார். தாழ்ந்த கூரை. சுவரோரம் ஒரு இரும்புக்கட்டில். அதில் நரைத்த தலையோடு ஒரு பெண், கையில் தகரக் குவளையோடு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ரொட்டி, தண்ணீர், மடித்து வைத்த சுத்தமான போர்வை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்குதான் மீட்டரை அதிகம் பயமுறுத்தியது.

உடைக்கிற சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த கண்ணாடிக்கடை அம்மா போலீஸுக்கு போன் போட்டாள். போலீஸ் வந்து அடுத்த தெருக் கதவின் பூட்டை உடைத்தது, ஆம்புலன்ஸ் வந்தது. கட்டிலோடு தூக்கி வரும்போது அந்தப் பெண் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். மீட்டர் பக்கத்தில் நின்று கேட்டார். கீச்சென்ற, மெலிந்த, வயதான குரல். அவர் மனைவியின் குரலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளே எல்லாம் சொன்னாள். அந்தப் பணிவான ஆள் அவளுடைய தம்பி. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அவன் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பி வரமாட்டாங்க அக்கா, நானே பாத்துக்கறேன் என்று பின்னறையில் படுக்க வைத்தான். எண்ணெய் தேய்த்துவிட்டான், துணி மாற்றினான், காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். ஆள் வந்தால் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி வைத்தான்.

"அந்த ரூம்ல ஜன்னல் கெடையாது. கார் உள்ள வர்றப்ப மேல ஓட்டையால வெளிச்சம் வந்து கூரையில விழும்" என்றாள். "மொத தடவ, கொஞ்சம் வாங்களேன்னு கூப்பிட்டேன். அந்தம்மா ஓடியே போயிட்டாங்க. பத்து நாள் யாருமே வண்டிகிட்ட வரல. அதுக்கு முன்னாடி ஒரு ஆம்பள நின்னு எரியுது எரியலன்னு சொன்னாரில்ல, அதுக்கு அவங்க நின்னு பதில் பேசினாங்க. சரி, இதச் சொன்னா ஓட மாட்டாங்கன்னு நெனச்சேன். ஒபகாரமாவும் இருக்கும்."

"நான் யாருன்னு கேட்டப்ப ஏம்மா பேசல?" என்றார் மீட்டர்.

"லைட்டுன்னா பழக்கத்துல வாய்ல வந்துடும். யாருன்னு கேட்டது ஆம்பளக் குரல். தம்பி யாரையோ விட்டுச் சோதிக்கறான்னு நெனச்சேன். அப்புறம் நீங்க வீட்டுக்கதையெல்லாம் சொன்னீங்க. நல்லவருன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள நீங்க கெளம்பிட்டீங்க. தகரத்தச் சுரண்டினேன்."

ஏன் நடுவில் மூச்சு விட்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவள் பேசும்போதே தெரிந்தது. இடுப்பு வலி எழும்போது சொல் பாதியில் நின்று, மூச்சு போய்விட்டு வந்தது.

முதல்நாளே ஒரு பெட்டியை நகர்த்திப் பார்த்திருந்தால் என்று மீட்டருக்கு மனசு அறுத்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்: முதல்நாளே கோளாறு தெரிந்ததை, சாமான் வரவேண்டும் என்று புளுகியதை, தனியாக உட்கார்ந்து பேசியதை. அவள் கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு ஒரு வாரம் அவருடைய தட்டு மட்டும் 'டொக்'கென்று வந்து விழுந்தது. தன் குரலைத் தேடிப் புருஷன் ஒரு இருட்டு ஷெட்டுக்குப் போனது அவளுக்கு இனித்ததா கசந்ததா என்று யாருக்குத் தெரியும்? தட்டின் சத்தத்தில் இரண்டும் இருந்தது.

புதுச் சுவிட்ச் வந்தது. மீட்டர் வண்டியைச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து திறந்தவெளியில்தான் மாட்டினார். கழற்றிய பழைய சுவிட்சைப் பிரித்துப் பார்த்தார். ரிவர்ஸ் சேர்கிற இடத்தில் செம்பு தேய்ந்து, கறுத்துக் குழிவிழுந்திருந்தது. கண்ணாடிக்கடை அம்மா பின்னால் நின்று, "எரியுதுண்ணே! ரெண்டும் எரியுது!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அந்த லைட் ஒரு நாளும் தவறவில்லை. அவள்தான் ஷெட்டுக்குள் வண்டியை விடுவதில்லை. உடைந்த ஜாலியைச் செங்கல் வைத்து அடைத்த பிறகும் விடவில்லை.

அந்தப் பெண் இப்போது ஒரு விடுதியில் இருக்கிறாள், நடைக்கம்பி பிடித்து நடக்கிறாள். மீட்டரின் மனைவி அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒருத்தி வாய் ஓயாமல் பேசுவாள், இன்னொருத்தி கேட்பாள். கிளம்புகிற நேரத்தில் மட்டும், "போயிடாதீங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வாளாம்.

தம்பியை விசாரித்து, வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் அவர் மீட்டரின் கடைக்கு வந்தார். அதே இஸ்திரி போட்ட சட்டை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று மீட்டர் ஸ்பானரைக் கையில் எடுத்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சுவருக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து அக்கா என்ன சொல்லிச்சு?"

"லைட்டு எரியுது, எரியலன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

"என்னப் பத்தி?"

"இல்ல."

"எங்கிட்ட அக்கா ஒரு வார்த்தகூடப் பேசறதில்ல. விழுந்த நாள்லேர்ந்து. நான் ராத்திரியெல்லாம் பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருப்பேன். கண்ண மட்டும் தொறந்து வச்சிட்டிருக்கும்" என்றார். "பேச்சு போயிடுச்சுன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன், கண்ணாடிக்கடை அம்மா வந்து கேக்கற வரைக்கும்."

கடைக்கு உள்ளே ஸ்டூலில் மீட்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அந்த ஆளின் பார்வை மெதுவாக அவள் பக்கம் போய் நின்றது.

"இவங்க பேசமாட்டாங்களாமே?" என்றார் பணிவாக. "நல்லாப் பாத்துக்குங்க. வெளிய விடாதீங்க."

அவள் எழுந்தாள். நிதானமாக நடந்து வாசலுக்கு வந்து, அந்த ஆளின் முகத்துக்கு நேராக நின்று, ஷட்டரின் கொக்கியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு பின்வாங்குவது கீழ் இடைவெளியில் தெரிந்தது. கடைசி ஒரு சாண் இடைவெளியையும் மூடிவிட்டு அவள் விளக்கைப் போட்டாள்.